மார்கழிக் குளிரும் மார்க்க வரம்பும்

மார்கழி பிறந்தது முதல் தை முடியும் வரை நம் வீடுகளில் இரண்டு செலவுகள் ஏறுகின்றன. ஒன்று வெந்நீர்ச் செலவு. மற்றொன்று சலவைச் செலவு. ஸுப்ஹுக்கு எழுகிறவர் ஒளுவுக்கு இளஞ்சூடான நீரைத் தேடுகிறார். பெட்டியிலிருந்த கம்பளிகளும் போர்வைகளும் வெளியே வருகின்றன. மழை ஈரத்தில் உலராமல் வாடையடித்த துணிகள் மறுபடியும் அலசப்படுகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்க வருகிறவர் தொகையைச் சொல்லிவிட்டுப் போனதும், "இதை எப்படிக் குறைப்பது?" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது.

இந்தப் பேச்சு எழுவதில் தவறேதுமில்லை. வரவுக்குத் தகுந்த செலவைத் திட்டமிடுவது முஃமினுக்கு அழகே. ஆனால் ஒரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. குறைக்கப்படுவது எது, அது யாருடையது? நாம் வீணாக்கியதை நிறுத்திக்கொள்கிறோமா, அல்லது மற்றொருவருக்குச் சேர வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொள்கிறோமா? மின்வாரியத்துக்குச் செலுத்தும் தொகையில் இரண்டும் ஒரே மிச்சமாகத்தான் தெரியும். ஆகிரத்துக் கணக்கில் இரண்டும் வெவ்வேறு ஏட்டில் எழுதப்படும். ஆகவே, பனிக்காலத்தை முன்னிட்டு இதைச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

இரு ஓரங்களுக்கு நடுவே

திருக்குர்ஆனின் ஃபுர்கான் அத்தியாயம் 67-ஆம் வசனம் ரஹ்மானுடைய நல்லடியார்களின் பண்புகளில் ஒன்றாக, செலவில் நடுநிலையைச் சொல்கிறது. வரம்பு மீறுவதும் அவர்களிடம் இல்லை. இறுக்கிப் பிடிப்பதும் அவர்களிடம் இல்லை. பனூ இஸ்ராயீல் அத்தியாயமும், கையை முற்றிலும் மூடிக்கொள்வதையும் முற்றிலும் விரித்துவிடுவதையும் ஒருசேரத் தடுக்கிறது.

முதல் ஓரத்துக்கு இஸ்ராஃப், அதாவது வீண்விரயம் என்று பெயர். தேவைக்கு மேல் செலவிடுவது அது. மறு ஓரத்துக்கு புக்ல், அதாவது கருமித்தனம் என்று பெயர். கருமித்தனம் என்றால் குறைவாகச் செலவிடுவது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உலமாக்கள் அதற்குத் தரும் விளக்கம் இன்னும் கூர்மையானது: கொடுக்கக் கடமைப்பட்டதைக் கொடாமல் வைத்துக்கொள்வதே கருமித்தனம். ஒருவர் ஒரே சட்டையை நான்கு ஆண்டுகள் உடுத்தலாம். அதனால் அவர் கருமியாகிவிட மாட்டார். நல்ல சட்டைகள் பத்து வைத்திருப்பவர், அவற்றைத் துவைத்தவருக்கு உரிய கூலியைக் குறைத்தால் அவர்தாம் கருமி.

இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருவோம்.

வெந்நீர்

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். குளிரின் சிரமத்தைப் பொருட்படுத்தாமல் ஒளுவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழித்துப் பதவிகளை உயர்த்தும் என்ற பொருளுடைய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அதனால் வெந்நீரில் ஒளுச் செய்தால் நன்மை குறைந்துவிடுமா என்று சிலர் கேட்கின்றனர். குறையாது. சிரமம் வந்தால் பொறுத்துக்கொள்வதற்குத்தான் அந்த நன்மை. சிரமத்தைத் தேடிப் போவது மார்க்கத்தின் நோக்கமன்று. உமர் (ரலி) அவர்களுக்கு வெந்நீர் வைக்கப்பட்டதாகவும் அதில் அவர்கள் குளித்ததாகவும் அறிவிப்பு உண்டு. நெருப்பில் காய்ச்சிய நீர் என்பதற்காக அது மக்ரூஹ் ஆகாது. ஒளுவை நிறைவாகச் செய்யவிடாத அளவுக்குக் கொதிப்பதும், அதே அளவுக்குக் குளிர்ந்திருப்பதும்தான் விரும்பத்தகாதவை.

ஆகவே வெந்நீர் ஆகும். எவ்வளவு நீர் என்பதே அடுத்த கேள்வி. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுச் செய்வார்கள் என்றும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என்றும் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. நான்கு முத்து ஒரு ஸாஉ. ஒரு முத்து என்பது, மத்ஹபுகளின் கணக்கு வேறுபாட்டுக்கேற்ப, ஏறத்தாழ முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை. நம் வீட்டுக் குழாயை முழுவதும் திறந்துவிட்டால் ஒரு நிமிடத்தில் ஐந்தாறு லிட்டர் ஓடிவிடும். ஐயமுள்ளவர்கள் ஒரு வாளியையும் கடிகாரத்தையும் வைத்துப் பார்க்கட்டும். நாயகம் (ஸல்) அவர்கள் முழுக் குளிப்புக்குப் பயன்படுத்திய நீர், நாம் மிஸ்வாக் செய்யும் நேரத்தில் சாக்கடைக்குப் போய்விடுகிறது.

நாம் காவிரிக்கரைவாசிகள். ஸ்ரீரங்கத்துக்கு ஒருபுறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம். "ஆறே பக்கத்தில் இருக்கும்போது தண்ணீருக்கு என்ன கணக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு ஹதீஸிலேயே பதில் இருக்கிறது. ஸஅது (ரலி) அவர்கள் ஒளுச் செய்கையில் நீரை அதிகமாகச் செலவிடுவதைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததாகவும், ஒளுவிலும் விரயம் உண்டா என்று அவர் வினவ, ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உண்டு என்ற கருத்தில் விடையளித்ததாகவும் இப்னு மாஜாவில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறினாலும், ஒளுவில் நீரை விரயம் செய்வது மக்ரூஹ் என்ற சட்டம் ஃபிக்ஹ் நூல்களில் நிலைபெற்றதே. மேலும், ஆற்று நீர் நம் குழாய்க்குச் சும்மா வருவதில்லை. கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து மின்சாரத்தால் இறைத்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து வருகிறது. பிறகு நம் வீட்டு மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அதன்பின் கீஸர் சூடேற்றுகிறது. ஒரே நீருக்கு மூன்று முறை மின்சாரம் செலவாகிறது.

அந்தச் சூட்டின் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோ கலோரி. 15 லிட்டர் வாளி நீரை 15 பாகை சூடேற்றினால் 225 கிலோ கலோரி. அதாவது கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். வீட்டில் நான்கு பேர் நாளுக்கு ஆளுக்கு ஒரு வாளி என்றால், இரண்டு மாதத்தில் 60 யூனிட்டைத் தாண்டிவிடும். தமிழக அரசு 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றித் தந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் குளிப்பதற்கே போய்விடுகிறது. ஸாஉ கணக்கை நினைவில் வைத்து அரை வாளியில் குளிக்கப் பழகினால் 30 யூனிட் மிச்சமாகும்.

நம் திருச்சியின் பனிக்காலமும் அப்படியொன்றும் கடுமையானதன்று. மார்கழி, தை விடியலில் வெப்பம் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. நீரை ஆவி பறக்கக் காய்ச்சிப் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் கலப்பதைவிட, கை பொறுக்கும் சூட்டில் நிறுத்திவிடுவது நல்லது. கீஸரை இரவெல்லாம் போட்டுவைத்தால், நீர் ஆற ஆற அது தானே மறுபடியும் சூடேற்றிக்கொண்டிருக்கும். குளிக்கும் சற்று முன் போட்டு, அணைத்துவிட்டு உள்ளே போவதே முறை. குழாயில் சூடு வருமுன் ஓடும் பச்சைத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் துணி அலசலாம்.

ஆனால் இங்கேயும் கருமித்தனம் நுழையும் வாசல் உண்டு. சிக்கனத்தின் பெயரால் வயதான தாய் தந்தையரும், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்ணும் பச்சைத் தண்ணீரில் நடுங்குவதானால், அது அவர்களுடைய ஹக்கைப் பறிப்பதாகும். வாளிக்குள் போடும் ஹீட்டரில் மலிவுச் சரக்கை வாங்குவதும் அத்தகையதே. நூறு ரூபாய் மிச்சத்துக்காக வீட்டாரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் நீரில் கை வைக்கலாகாது.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவொன்றில் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்கள் குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள்; நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டுப் புன்னகைத்தார்கள். இச்செய்தியை எடுத்துக்கொண்டு, மார்கழிக் காலையில் நம் இளைஞர்கள் சிலர் கடமையான குளிப்பைத் தள்ளிப்போடுகின்றனர், ஸுப்ஹு கழாவாகிறது. அவர்கள் பாலைவனத்தில் இல்லை. அடுப்பும் பாத்திரமும் உள்ள வீட்டில் இருக்கிறார்கள். நீரைச் சூடேற்ற வசதியுள்ளவருக்குக் குளிரைக் காரணம் காட்டித் தயம்மும் செய்ய இடமில்லை. தண்ணீர் வழக்கமான விலைக்குக் கிடைத்து, வாங்க வசதியும் இருந்தால் வாங்கியே ஒளுச் செய்ய வேண்டும். அநியாய விலை சொன்னால் வாங்கும் கடமையில்லை என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. ஷரீஅத் நம் காசையும் கருத்தில் கொள்கிறது. நியாயமான செலவைச் செய்யவும் சொல்கிறது. ஸுப்ஹுத் தொழுகைக்காகச் செலவாகும் கால் யூனிட் வீண்விரயப் பட்டியலில் வராது.

வெயிலில் சூடான நீர்

செலவில்லாமல் நீரைச் சூடாக்கும் வழி வெயில். மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்போர் இப்போது பெருகியுள்ளனர். "வெயிலில் சூடான நீர் மக்ரூஹ் என்று மதரஸாவில் ஓதினோமே?" என்ற கேள்வி இதனால் அடிக்கடி வருகிறது.

ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் அவ்வாறு உள்ளது உண்மையே. ஆனால் பல நிபந்தனைகளோடு உள்ளது. வெப்ப நாடாக இருக்க வேண்டும்; தங்கம், வெள்ளி அல்லாத உலோகப் பாத்திரமாக இருக்க வேண்டும்; சூடு ஆறுமுன் உடம்பில் பயன்படுத்த வேண்டும். தோல் நோய் வரும் என்ற அச்சமே காரணமாகச் சொல்லப்பட்டது. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், அதே மத்ஹபின் பேரறிஞராக இருந்தும், ஆதாரத்தின் வலிமையைப் பார்க்கும்போது அது மக்ரூஹ் அல்ல என்ற கருத்தையே தேர்ந்தெடுத்தார்கள். மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ வைத்த நீர் இந்தப் பேச்சிலேயே வராது. மக்ரூஹ் என்று கொள்வோரும் அந்த நீரால் செய்த ஒளு கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே வசதியுள்ளோர் சோலார் வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. அல்லாஹ் நம் ஊருக்கு வெயிலை அள்ளித்தான் கொடுத்திருக்கிறான்.

சலவை

சலவையில் நம்மவர்கள் செய்யும் வீண்விரயத்தில் பெரும்பகுதி, அழுக்கையும் நஜீஸையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது. வியர்வை நஜீஸ் அல்ல. தெருப்புழுதி நஜீஸ் அல்ல. குளிர்காலத்தில் அரைநாள் உடுத்திய ஜிப்பாவை வியர்வை வாடை இல்லாதபோது மறுநாளும் உடுத்தித் தொழலாம். குழந்தை போர்வையின் ஓரத்தில் சிறுநீர் கழித்துவிட்டால், போர்வை முழுவதையும் ஊறவைத்து அடிக்க வேண்டியதில்லை. பட்ட இடத்தை முறைப்படி கழுவினால் போதும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் ஆடையில் பட்ட இடத்தை மட்டும் கழுவிக் கொடுப்பார்கள் என்றும், அந்த ஈரத்தின் அடையாளம் ஆடையில் தெரியவே அவர்கள் தொழுகைக்குச் செல்வார்கள் என்றும் புகாரியில் வருகிறது. ஈரம் காயாத ஆடையோடு உலகத்துக்கே வழிகாட்டியவர் பள்ளிக்குச் சென்றிருக்க, நாம் ஒரு துளிக்காக ஒரு தொட்டித் தண்ணீரைக் கொட்டுகிறோம்.

சலவை மெஷின் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹனஃபி மத்ஹபில், கண்ணுக்குத் தெரியாத நஜீஸ் பட்ட துணியை மூன்று முறை கழுவி ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், அதன்மீது நீர் ஊற்றப்பட்டு ஓடினால் ஒரு முறையே போதும். தேங்கி நிற்கும் சிறிதளவு நீரில் நஜீஸ் துணியைப் போட்டால் அந்த நீரும் கூடவுள்ள துணிகளும் கெட்டுவிடும். ஆகவே நஜீஸ் பட்ட துணியை முதலில் குழாயடியில் கையால் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு மெஷினில் போடுவதே பேணுதலானது. இப்படிச் செய்தால், "சுத்தமாயிற்றா இல்லையா?" என்ற ஊசலாட்டத்தில் மெஷினை மூன்று முறை ஓடவிடும் வழக்கம் நீங்கும். வஸ்வாஸ் இபாதத்தையும் கெடுக்கும்; கரண்டையும் தின்னும்.

மற்றவை எளிய காரியங்கள். மெஷினை அரைகுறையாக ஓட்டாமல் நிறையத் துணி சேர்ந்தபின் ஓட்டலாம். நம் ஊர்க் குழாய் நீரிலேயே அழுக்குப் போய்விடும். நீரைச் சூடாக்கித் துவைக்கும் முறையைச் சாதாரணத் துணிக்குப் போட வேண்டியதில்லை. பனிக்காலத்திலும் நம் ஊரில் பகல் வெப்பம் 30 பாகையை நெருங்குகிறது. பனி விலகியபின் காலை பத்து மணிக்குக் கொடியில் போட்டு, மாலைப் பனி இறங்குமுன் எடுத்துவிட்டால் துணி உலர்ந்துவிடும். கம்பளியை வாரம் ஒருமுறை வெயிலில் காயவைத்து உதறினாலே பெரும்பாலும் போதும். தினம் ஒரு சட்டைக்காக இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குவதைவிட, ஒரு வாரத்துத் துணியை ஒரே மூச்சில் தேய்த்துவிடலாம்.

இங்கும் மறு ஓரம் உண்டு. அழுக்கு ஆடையுடன் இருந்த ஒருவரைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஆடையைத் துவைக்க இவருக்கு எதுவும் கிடைக்கவில்லையா என்ற கருத்தில் வினவியதாக அபூதாவூதில் வருகிறது. பச்சை வெங்காயமும் பூண்டும் தின்ற வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்று தடுத்த மார்க்கம் இது. துவைக்காத ஸ்வெட்டரோடு ஸஃப்பில் நின்று, பக்கத்தில் நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸுஜூது செய்யும்படி விடுபவர் சோப்பை மிச்சப்படுத்தியிருக்கலாம். ஆனால் அந்த மிச்சம் பக்கத்தில் நிற்பவரின் தொழுகையிலிருந்து எடுக்கப்பட்டது.

சலவைத் தொழிலாளியின் கூலி

பாலக்கரைப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். அவர் தகப்பனார் காலம் தொட்டு ஒரு குடும்பத்தாரே அவர் வீட்டுத் துணிகளை வெளுத்து வந்தார்கள். வீட்டுக்கு மெஷின் வந்தது. சட்டை, கைலி, சேலை எல்லாம் மெஷினுக்குப் போயின. பனிக்காலம் வந்ததும் கம்பளி, ஜமுக்காளம், திரைச்சீலை ஆகிய கனத்த துணிகளை மட்டும் அந்தச் சலவைக்காரரிடம் போடுகிறார்கள். உருப்படிக்குக் கூலி மட்டும் பழைய கூலிதான். "அவரும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு போகிறார், இதில் குற்றமுண்டா?" என்பது கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். பலர் கேட்பதில்லை. மெஷின் வாங்குவது அவர் உரிமை. ஒருவரிடமே ஆயுள் முழுவதும் துணி போட வேண்டும் என்று ஷரீஅத் கட்டளையிடவில்லை. ஆனால் பழைய கூலி எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கைக்குட்டையும் கம்பளியும் சேர்ந்து வந்த நாளில், இலகுவும் கனமும் கலந்து, இரு தரப்பும் ஒப்பிய கூலி அது. இலகுவானதை நாம் எடுத்துக்கொண்டு கனமானதை மட்டும் அவரிடம் தள்ளியபோதே பழைய பேச்சு முடிந்துவிட்டது. புதிய வேலைக்குப் புதிய கூலி பேசப்பட வேண்டும். அவர் பேசாமல் வாங்கிக்கொள்வதைப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளலாகாது. வேறு வீடு இல்லாதவர், இருக்கும் வீட்டையும் இழக்க அஞ்சுகிறார்.

நனைந்த கம்பளி ஒன்றைத் தூக்கிப் பார்த்தவருக்கு அதன் கனம் தெரியும். மார்கழி விடியலில் முழங்கால் நீரில் நின்று அதை அடிப்பவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மேட்டூர் அணை மரபுப்படி ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. பிறகு காவிரியில் நீர் வற்றி மணல் தெரியும். தண்ணீரைத் தேடி நடக்கும் தூரமும் அவர் உழைப்போடு சேர்ந்துவிடும். முன்பு வெள்ளாவி வைக்க விறகுச் செலவு அவருடையதாக இருந்தது. இன்று இஸ்திரி வண்டிக்காரருக்குக் கரிச் செலவோ கேஸ் செலவோ அவருடையது. வீட்டில் கரண்டைக் குறைக்கத் துணிகளைத் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு அனுப்புகிறவர், தம் மின்கட்டணம் குறைந்ததைப் பார்க்கிறார். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? வண்டிக்காரரின் கரி மூட்டையிலிருந்து. உருப்படிக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி அவரிடம் பேரம் பேசினால், நம் வீட்டுச் செலவை அவர் வீட்டுக்கு மாற்றி எழுதியவர்களாவோம்.

ஒருவரை வேலைக்கு அமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடாதவனுக்கு எதிராகக் கியாமத்து நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிப்பது ஹதீஸ் குத்ஸியாகப் புகாரியில் வருகிறது. முழுக் கூலியையும் மறுப்பவருக்கு உள்ள எச்சரிக்கையில், பாதியை மறுப்பவருக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே அந்தச் சகோதரருக்கு நாம் சொன்னது இதுதான். அவரை அழைத்து உட்கார வையுங்கள். கனத்த துணிக்கு என்ன கூலி என்று அவர் வாயாலேயே கேளுங்கள். பழைய பாக்கி இருந்தால் முதலில் தீருங்கள். அடுத்த ஆண்டு துணியே போடப்போவதில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். வேறு வீடு தேட அவருக்குக் காலம் வேண்டும். பெருநாளிலும் கல்யாணத்திலும் கொடுத்து வந்ததை மெஷின் வந்த காரணத்துக்காக நிறுத்தாதீர்கள். நம் பாட்டனார் வயதுடைய அவரை நம் பிள்ளைகள் "வா, போ" என்று ஒருமையில் அழைப்பதையும் நிறுத்துங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கும் இதே நியாயந்தான். நாம் வெந்நீரில் முகம் கழுவிவிட்டு, அவர் விடியற்காலைப் பச்சைத் தண்ணீரில் அண்டா நிறையத் துணி அலச வேண்டும் என்பது என்ன நியாயம்? வெயில் வந்தபின் அலசச் சொல்லலாம் அல்லவா?

கலீஃபாவின் விறகுக் கணக்கு

பனிக்கால வெந்நீரைப் பற்றியே இஸ்லாமிய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஹிஜ்ரி 101-இல் மறைந்த கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு ஒரு பணியாள் நாள்தோறும் ஒளுவுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பார். ஒருநாள் கலீஃபாவுக்கு ஐயம் எழுந்தது. இந்தப் பாத்திரத்தைப் பொதுமக்களுக்கான சமையற்கூடத்து அடுப்பில் வைத்துத்தான் சூடாக்குகிறாயா என்று வினவினார்கள். பணியாள் ஆம் என்றார். கலீஃபா மிகவும் வருந்தினார்கள். முஸாஹிம் என்ற தம் உதவியாளரை அழைத்து, அந்தப் பாத்திரத்து நீரைச் சூடாக்க எவ்வளவு விறகு ஆகிறது என்று பார்த்து, சென்ற நாட்களுக்கெல்லாம் கணக்கிட்டு, அவ்வளவு விறகைச் சமையற்கூடத்தில் கொண்டு சேர்க்கும்படி பணித்தார்கள்.

அந்த அடுப்பு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு பாத்திரத்தை அதில் வைத்ததால் பொதுப்பணம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆயினும் அது தம்முடைய நெருப்பன்று என்பதே கலீஃபாவுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது நம் பள்ளிவாசல்களைப் பாருங்கள். பள்ளியில் வெந்நீர் வைத்திருப்பது ஒளுச் செய்ய வருவோருக்காக. வீட்டில் கீஸரை மிச்சப்படுத்துவதற்காகப் பள்ளியில் வந்து வாளி வாளியாகக் குளித்துவிட்டுப் போகிறவர், அங்கே சட்டையை அலசிக் காயவைக்கிறவர், வீட்டுக்குக் குடத்தில் நீர் பிடித்துப் போகிறவர் யாருடைய விறகில் நீர் காய்ச்சுகிறார்? வக்ஃபு சொத்தை வக்ஃபு செய்தவர் எந்த நோக்கத்துக்கு விட்டாரோ அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும். வழிப்போக்கரும் வீடற்றவரும் குளிக்கலாம் என்று நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்தால் அது அவர்களுக்கான ஹக்கு. வீடும் கீஸரும் உள்ளவர் அதில் கைவைக்கலாகாது. தெரியாமல் பயன்படுத்தியவர் கலீஃபாவைப் போலக் கணக்கிட்டுப் பள்ளியின் உண்டியலில் சேர்த்துவிடட்டும்.

அரசு தரும் 100 யூனிட்டும் இவ்வாறே. "இலவசந்தானே!" என்று விளக்கையும் மின்விசிறியையும் ஆளில்லாத அறையில் ஓடவிடுகிறோம். நமக்கு இலவசம் என்பதால் அது விலையில்லாதது ஆகிவிடாது. அந்த விலையை அரசு பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. கம்பியில் கொக்கி போடுவதும் மீட்டரில் கைவைப்பதும் திருட்டு. அந்த மின்சாரத்தால் காய்ச்சிய நீரில் ஒளு நிறைவேறிவிடும் என்றே நம் இமாம்கள் கூறுவர். ஆனால் பாவம் அப்படியே இருக்கும். அப்படி ஒரு ஒளுவோடு அல்லாஹ்வின் முன் நிற்பதை முஃமின் விரும்புவாரா?

மிச்சம் எங்கே போகிறது?

கடைசியாக ஒன்று. அளவோடு குளித்து, அளவோடு துவைத்து, யாருடைய ஹக்கையும் தொடாமல் ஒரு தொகை மிச்சமாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அது எங்கே போகிறது? நான்கு மாதம் வாளி வாளியாக மிச்சம் பிடித்ததை ஒரு நிக்காஹ் இரவின் சீரியல் விளக்கு விழுங்கிவிடுவதை நாம் பார்க்கிறோம். இஸ்ராஃபை ஒரு வாசலில் விரட்டிவிட்டு மறு வாசலில் வரவேற்பதால் என்ன பயன்?

மார்கழிப் பனியில் திருச்சியைச் சுற்றி ஓர் இரவு நடந்து பாருங்கள். அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் செய்தித்தாளை விரித்துப் படுத்திருக்கிறார்கள். நத்ஹர்வலி தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் கைலியையே போர்வையாக இழுத்துப் போர்த்திக் கிடப்போர் உண்டு. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். அவர்களில் அறை எடுக்க வசதியில்லாத முதியோர் வீதி ஓரங்களில் இரவைக் கழிக்கிறார்கள். பக்கத்து வீட்டார் பசித்திருக்க வயிறு நிறைய உண்பவர் முஃமினல்லர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, அந்தப் பக்கத்து வீட்டார் எந்த மதத்தவர் என்று பிரித்துச் சொல்லவில்லை. பசிக்குச் சொன்னது குளிருக்கும் பொருந்தும். நம் வீட்டுப் பெட்டியில் மூன்றாவது, நான்காவது கம்பளி இந்த ஆண்டும் விரிக்கப்படாமலே இருக்கிறது. அதை எடுத்து, வெயிலில் காயவைத்து, துவைத்து மடித்து, வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுத்துவிட்டு வரலாம். அழுக்கோடு கொடுக்க வேண்டாம். நமக்கு விரும்பாததைப் பிறருக்குக் கொடுப்பது நன்மையாகாது.

ஆகவே, அன்பர்களே! இந்தப் பனிக்காலத்தில் சிக்கனத்தைப் பற்றி வீட்டில் பேச்சு எழும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். நாம் குறைப்பது நம்முடைய வீண்விரயத்தையா, பிறருடைய ஹக்கையா? மிச்சமானது யார்மீது போர்வையாக விழப்போகிறது? முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் வீட்டில் சலவைக்காரரின் கூலி குறையாது. முதியோருக்கு வெந்நீர் மறுக்கப்படாது. பள்ளியின் குழாய் வீட்டுக் குழாயாகாது. இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடும் வீட்டில் பரக்கத் இறங்கும்.

வீண்விரயத்திலிருந்தும் கருமித்தனத்திலிருந்தும் நம்மைக் காத்து, நடுநிலையில் நிலைத்திருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.